ஹல்துமுல்லைச் சரிவின் நடைவழிகள்

இலங்கையின் மத்திய மலைநாடு தெற்கே படிப்படியாகத் தாழ்ந்து சமவெளியோடு கலப்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் தொடங்கி இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, பூனாகலை மலைகள் என்று கிழக்கு நோக்கி ஓடும் நீண்ட விளிம்போடு அது முடிந்துவிட, அவ்விளிம்பிலிருந்து நிலம் வளவை ஆற்றின் தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. புவியியலாளர் இதனைத் தென்மலைச் சுவர் என்பர். பதுளை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஹல்துமுல்லை இச்சுவரின் இடைப்பகுதியில், கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையின் ஓரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கிறது. ஊரில் நிற்பவருக்கு வடக்கே தேயிலையும் அதற்கு மேல் காடும் எழுந்து நிற்க, தெற்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தாழ்நிலமும் நீர்த்தேக்கங்களும் விரிந்து கிடக்கும்.

இப்பகுதியில் நடக்கப் புறப்படுபவர் தூரத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தையே முதலில் கணக்கிட வேண்டும் என்பதற்கு இந்த நில அமைப்பே காரணம். தட்டையான ஊரில் ஏழு கிலோமீற்றர் நடப்பவர் இங்கும் அதே தூரத்தை அதே நேரத்தில் கடந்துவிடலாம் என்று எண்ணிப் புறப்பட்டால், பாதி வழியில் பொழுது சாய்ந்துவிடும். ஸ்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த எளிய விதியொன்று இக்கணக்குக்கு இன்றும் பயன்படுகிறது: ஒவ்வோர் ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொண்டு, ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வதே அது. ஏழு கிலோமீற்றர் தூரத்தில் 300 மீற்றர் ஏறவேண்டியிருந்தால், தூரத்துக்கு ஒரு மணி இருபத்து நான்கு நிமிடமும் ஏற்றத்துக்கு அரை மணித்தியாலமுமாக ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகும். இது ஓய்வையும், உணவையும், நின்று பார்ப்பதையும் சேர்க்காத கணக்கு; நடந்து பழகிய, உடல்வலுவுள்ள ஒருவருக்கான கணக்கும்கூட. சிறுவரோடும் முதியவரோடும் செல்வோர் வரும் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. பின்னாளில் எரிக் லாங்மியர் இவ்விதியைத் திருத்தி, செங்குத்தான இறக்கத்திலும் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் பத்து நிமிடம் கூட்டவேண்டும் என்றார். ஹல்துமுல்லைக்கு இந்தத் திருத்தம் மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்குள்ள சிறந்த வழிகளிற் பல மேலிருந்து கீழே இறங்குபவை, இறக்கத்தில் மூச்சு வாங்காவிட்டாலும் முழங்காலும் தொடையும் ஏற்றத்தைவிட விரைவாகத் தளர்ந்துவிடும். முழங்கால் நோவுள்ளவர் இறக்க வழியை எளிய வழி என்று எண்ணித் தெரிவு செய்வது இப்பகுதியில் அடிக்கடி நேரும் பிழை.

தோட்டப் பாதைகள்

இச்சரிவின் பாதைகளிற் பெரும்பாலானவை உலாவுவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் பயிரிடப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாகவே வந்து சேர்ந்த தொழிலாளரின் கைகள் காட்டை வெட்டி, கல்லடுக்கி, கான் தோண்டி உருவாக்கியவை அவை. கான் என்பது மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி தேயிலை வரிசைகளுக்கு நடுவே வெட்டப்படும் வடிகால். இன்றும் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் கொழுந்துக் கூடையுடன் நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிற்களமாகவே இப்பாதைகள் இருக்கின்றன என்பதை நடப்பவர் மறக்கலாகாது.

ஒரே மலைக்கு இருவகைப் பாதைகள் இருப்பது தோட்டங்களின் இயல்பு. மாட்டுவண்டியும் பின்னாளில் லொறியும் செல்வதற்காக மலையை வளைந்து வளைந்து மென்சாய்வாக ஏறுவது ஒன்று. அவ்வளைவுகளை வெட்டிக்கொண்டு லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தொழிற்சாலைக்கும் நேராக ஏறும் கற்படி வழி மற்றொன்று. பின்னதை மக்கள் குறுக்குப்பாதை என்பர். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. மலை என்பது, தோட்ட வழக்கில், கொழுந்து பறிக்கும் தேயிலை நிலம். நடையாற்றல் வெவ்வேறாக உள்ள ஒரு குடும்பம் ஒரே நாளில் ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்புவதற்கு இவ்விரட்டை அமைப்பு பெரிதும் உதவுகிறது: வலுவுள்ளோர் குறுக்கால் ஏற, மற்றவர் வண்டிப்பாதையால் மெல்லச் சென்று, இரண்டும் வெட்டிக்கொள்ளும் வளைவுகளிற் கூடிக்கொள்ளலாம். மழை பெய்த நாளில் எல்லோரும் வண்டிப்பாதையையே பிடிக்கவேண்டும். பாசி படர்ந்த கற்படி ஈரத்தில் வழுக்கும்.

தோட்டத்துள் நுழையும்போது எதிர்ப்படும் முதலாமவரிடம் வழி கேட்பது, வழி அறிவதற்காக மட்டுமன்றி வந்திருப்பதை அறிவிப்பதற்காகவும் செய்யவேண்டியது. மருந்து தெளித்த மலை எது, கவ்வாத்து நடக்கும் மலை எது, எந்தப் பாதை சரிந்திருக்கிறது, குளவி எங்கே கூடு கட்டியிருக்கிறது என்பன அவர்களுக்கே தெரியும். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிடும் வேலை. வெட்டிய கிளைகள் பாதையில் முள்ளாகக் கிடக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமற் படமெடுப்பது, நிறுவைக்கு விரைபவர்களை நிறுத்திவைப்பது, லயத்து வாசலை ஊடறுத்து நடப்பது ஆகியவை தவிர்க்கவேண்டியவை. அவர்கள் வாங்கும் சம்பளம் பறித்த கொழுந்தின் நிறையோடு பிணைந்திருப்பதால், வழியில் ஒருவரைப் பத்து நிமிடம் நிறுத்திப் பேசுவது அவருக்கு இழப்பாகிறது.

குளவி பற்றித் தனியே சொல்லவேண்டும். தோட்ட மக்கள் இப்பெயரால் வழங்குவது பெரும்பாலும் பாறையிடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய மலைத்தேனீயையே. பருந்து மோதினாலும், புகை எழுந்தாலும், கல் விழுந்தாலும் அது திரளாகக் கலையும். மலைத்தோட்டங்களில் ஆண்டுதோறும் பலரை மருத்துவமனைக்கு அனுப்புவதும், சிலரின் உயிரையே பறிப்பதும் இக்கொட்டுத்தான். வாசனைத் தைலம் பூசாமலும், அடையின் கீழ் உரக்கப் பேசாமலும் கடக்கவேண்டும். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கூடுள்ள இடத்தைவிட்டு நேரே ஓடி, கட்டடத்துள்ளோ வாகனத்துள்ளோ கதவை அடைத்துக்கொள்வதே வழி. நசுக்கப்பட்ட தேனீயின் மணம் மற்றவற்றையும் அழைக்கும் என்பதால் அடித்துக் கொல்ல முயல்வது தீங்கைப் பெருக்கும். பல இடங்களிற் கொட்டு வாங்கியவரையும் மூச்சுத் திணறுபவரையும் தாமதிக்காது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டணமற்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

காற்று, மழை, மண்

ஆண்டின் எல்லா மாதங்களும் இச்சரிவில் நடப்பதற்கு ஏற்றவை அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்த வறட்காற்றாக, பதுளை மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்துக்குள் நுழைகிறது. மக்கள் இதனைக் கச்சான் என்பர். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்த தனிமணம் இக்காற்றுக் காலத்தின் கொழுந்திலேயே பிறக்கிறது. நடப்பவருக்கு அது தெளிந்த வானத்தையும் காய்ந்த பாதையையும் தரும். ஆனால் அப்புத்தளை இடைவெளியிலும் திறந்த முகடுகளிலும் ஆளைத் தள்ளும் வேகத்தோடு வீசும். சிறுவரை விளிம்போரம் நடத்தாதிருப்பதும், குடையை நம்பாதிருப்பதும் அக்காலத்து ஒழுங்குகள். பத்தனை எனப்படும் புல்வெளிச் சரிவுகளில் மானாப்புல் அப்போது காய்ந்து நிற்பதால், ஒரு தீக்குச்சி ஒரு மலைமுகத்தையே எரித்துவிடும். பத்தனையில் அடுப்பு மூட்டுவதையும் புகைப்பதையும் எக்காரணத்தாலும் செய்யலாகாது.

ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் ஈறாக, பருவப் பெயர்ச்சிக் கால இடிமழையும் அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் இம்மலைகளை நனைத்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பிற்பகல் இடி உண்டு. இடி கேட்டவுடன் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்கிவிடவேண்டும். ஜனவரியின் பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான வாரங்களே பலருக்கும் ஏற்ற காலம். எந்த மாதமாயினும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இயன்றவரை முன்னதாகவே உயரமான பகுதியைக் கடந்துவிடுவது நன்று, ஏனெனில் வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்தின் ஈரம் முகிலாகச் சுவரில் ஏறி வந்து, பத்து மணியளவிலேயே காட்சியையும் பல வேளைகளிற் பாதையையும் மூடிவிடும்.

மழைக்காலத்தில் இச்சரிவின் பேராபத்து மண்சரிவே. ஹல்துமுல்லை பிரதேச செயலாளர் பிரிவிலடங்கிய கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலையொன்று சரிந்து லயங்களை அவற்றில் வாழ்ந்தவர்களோடு மூடியது. அங்கிருந்து மக்களை அகற்றவேண்டும் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தும், குடியேற மாற்றிடம் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவ்வழியே செல்பவர் அதனைக் காட்சித்தலமாகக் கருதாமல், உறவினரை இழந்தவர்கள் இன்றும் வாழும் நிலமாகக் கருதி நடக்கவேண்டும். சரிவு பற்றிய முன்னெச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் அது அறிவுறுத்துகிறது. முதல் நிலை அறிவிக்கப்பட்ட நாளிலேயே நடையை ஒத்திவைப்பதே முறை. பாதையிற் புதிய வெடிப்புகள், நேற்றுவரை இல்லாத ஊற்று, ஒருபக்கமாகச் சாய்ந்த மரங்கள், திடீரெனச் சேறாகும் அல்லது வற்றும் ஓடை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டாக மேட்டுக்குச் சென்று, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் அறிவிக்கவேண்டும்.

முதியவருக்கும் சிறுவருக்கும்

அதிகம் நடக்க இயலாதவருக்கு மலையின் அழகு மறுக்கப்பட்டதாக எண்ணவேண்டியதில்லை. அப்புத்தளைக்குக் கிழக்கே, தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்னும் முகட்டுக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமான தோட்டப் பாதை செல்கிறது. ஓட்டோ உச்சிவரை ஏறும் என்பதால், காலையில் ஓட்டோவில் ஏறி, தெளிந்த காட்சியைக் கண்டு, உச்சியருகே விற்கும் தேநீரையும் ரொட்டியையும் உண்டு, மென்சாய்வான வண்டிப்பாதையால் இயன்ற தூரம் இறங்கி நடந்து, களைத்த இடத்தில் மீண்டும் வாகனத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நடையாற்றல் கலந்த குடும்பங்களுக்கு இப்பகுதியில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. வலுவுள்ள இளையோர் தொழிற்சாலையிலிருந்து குறுக்குப்பாதைகளால் ஏறி அவர்களை உச்சியிற் சந்திக்கலாம்.

அப்புத்தளைக்கு மேற்கேயுள்ள அடிசம் மாளிகை, 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகையின் பாங்கிற் கட்டுவித்தது; இப்போது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக இருக்கிறது. வார இறுதியிலும் பொது விடுமுறை நாளிலுமே பார்வையாளர் அனுமதிக்கப்படுவர் என்பதால் நாளை அறிந்து செல்லவேண்டும். பூந்தோட்டத்துப் பாதைகள் பெரிதும் தட்டையானவை. கைத்தடியுடன் நடப்பவரும் அங்கே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம்.

தங்கமலை முகடு

நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலம் நடக்கக்கூடியவருக்கு, அடிசம் மாளிகையை அடுத்துத் தொடங்கித் தங்கமலைக் காட்டின் வழியே இதல்கஸ்ஹின்ன புகையிரத நிலையத்தை அடையும் முகட்டு வழி மிகவும் பரிந்துரைக்கத்தக்கது. அப்புத்தளை நிலையம் 1,431 மீற்றர் உயரத்திலும் இதல்கஸ்ஹின்ன அதைவிட ஏறத்தாழ 180 மீற்றர் கூடிய உயரத்திலும் இருப்பதால், இவ்வழி மொத்தத்தில் ஏற்றமே. ஆயினும் அவ்வேற்றம் நீண்ட தூரத்திற் பரவியிருக்கிறது. பாதையின் ஒருபுறம் ஊவாவின் உட்பள்ளத்தாக்கும் மறுபுறம் ஹல்துமுல்லைச் சரிவும் மாறிமாறித் தெரிய, நடுவே குட்டையாக முறுகி வளர்ந்து பாசியும் ஓர்க்கிட்டும் தொற்றிய மலைக்காட்டு மரங்கள் நிற்கும். இவ்வகைக் காட்டை முகிற்காடு என்பர். மழை பெய்யாத நாளிலும் முகிலின் ஈரத்தை இலையால் வடித்து ஓடைகளுக்குக் கொடுப்பதால், கீழே ஹல்துமுல்லையிற் குடிக்கும் நீருக்கு இக்காடே தாய். பாதையை விட்டு விலகி நடந்து அதன் மெல்லிய மண்ணைக் குலைப்பது அந்த நீரைக் குலைப்பதற்கு ஒப்பு. இது பாதுகாக்கப்பட்ட காடு ஆகையால் அனுமதி குறித்து முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

இக்காட்டில் அட்டை மிகுதி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையிற் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்வது தோட்ட மக்களின் பழைய முறை. கடித்த அட்டையைப் பிய்த்தெடுக்காமல் நகத்தால் அதன் வாயைத் தள்ளி விடுவித்தால் போதும். இரத்தம் உறையாமற் செய்யும் பொருளை அது சுரப்பதால் காயம் சற்று நேரம் கசியும், துணியால் அழுத்திப் பிடிக்க நின்றுவிடும்.

இதல்கஸ்ஹின்னயிலிருந்து அப்புத்தளைக்குப் புகையிரதத்தில் திரும்புவதே இவ்வழியின் இயல்பான முடிவு. நாளொன்றுக்கு நிற்கும் வண்டிகள் சிலவே என்பதால் நேரத்தை முதல்நாளே கேட்டறிந்து, வண்டிக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே சேரும்படி நடக்கவேண்டும். வண்டியைத் தவறவிட்டவர் தண்டவாளத்தின் மேல் நடந்து திரும்புவது சட்டப்படி குற்றம், ஆபத்தும் பெரிது. 1893இல் அப்புத்தளையை எட்டிய இப்பாதையில் ஒஹியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் மட்டும் பதினான்கு சுரங்கங்கள் உள்ளன. முகில் மூடிய வளைவில் வண்டியின் ஒலி கேட்கும்போது ஒதுங்க இடமிராது. படமெடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நிற்கும் பழக்கம் மலைநாட்டிற் பரவிவருவது மிகுந்த கவலைக்குரியது. எந்த வழிகாட்டி நூலும் அதனை ஊக்குவிக்கலாகாது.

பம்பரகந்தையும் ஒஹிய இறக்கமும்

ஹல்துமுல்லைக்கு மேற்கே ஏ4 வீதியிலுள்ள களுபஹனச் சந்தியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் மேலே ஏறினால், 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தை நீர்வீழ்ச்சியை அடையலாம். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி இதுவே. சிறிய வாகனம் பெரும்பகுதி தூரம் செல்லும். அதன்பின் பைன் மரங்களின் நடுவே ஒரு குறுகிய ஏற்றம் மட்டுமே இருப்பதால், பத்து வயதுச் சிறுவரும் ஏறக்கூடிய வழி இது. காய்ந்த பைன் ஊசியிலை பாதையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குமாதலால், தேய்ந்த அடியுள்ள சப்பாத்தும் செருப்பும் உதவா. கோடையில் நீர் மெலிந்து ஒரு வெள்ளை இழையாகிவிடும். முழு வீழ்ச்சியைக் காண விரும்புபவர் மழைக்காலம் ஓய்ந்தபின்னான வாரங்களிற் செல்லவேண்டும்.

இதே பாதை நீர்வீழ்ச்சியைக் கடந்து உடவேரியத் தோட்டத்தின் ஊடாக ஒஹிய வரை ஏறுகிறது. 'பேய்ப் படிக்கட்டு' என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரால் மலையேறுவோரிடையே புகழ்பெற்ற கொண்டையூசி வளைவுகள் இவ்வழியில்தான் உள்ளன. 1,774 மீற்றர் உயரத்திலுள்ள ஒஹிய நிலையத்திற் காலை வண்டியில் இறங்கிக் களுபஹனவை நோக்கி நடப்பவர், ஆயிரம் மீற்றரளவு உயரத்தை ஒரே நாளில் இழப்பார். குளிர்ந்த முகிற்காட்டிற் புறப்பட்டு, கீரை பயிரிடும் மேட்டுநிலம், கைவிடப்பட்ட தேயிலை, திறந்த பத்தனை, பைன்காடு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, மாலையில் வெப்பமான ஏ4 வீதியை எட்டும் இந்த இறக்கம் மலைநாட்டின் தாவரப் படிமுறையைத் தெளிவாகக் காட்டும். பயிற்சியுள்ளவருக்கும் இது முழுநாள் நடை. இடையிற் கடைகள் மிகக் குறைவு. தலைக்கு மூன்று லீற்றர் நீரும் ஒருநேர உணவும் கையிலிருக்கவேண்டும். முகில் இறங்கினால் கையடக்கத் தொலைபேசிச் சமிக்ஞையும் அறும் இடங்கள் உள்ளமையால், வழி தெரிந்த உள்ளூரவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது பாதுகாப்புக்கும், தோட்டத்துக் குடும்பமொன்றின் வருவாய்க்கும் உதவும்.

ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றி நூல்கள் பல இருப்பதால் இங்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 1988 முதல் தேசியப் பூங்காவாகவும், 2010 முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் பகுதியாகவும் உள்ள அங்கே, உலக முடிவு என்னும் பாறை விளிம்பைத் தொட்டுத் திரும்பும் வட்டப்பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர் நீளமானது. ஏற்ற இறக்கம் குறைவு. ஆனாலும் கல்லும் வேரும் மிகுந்த அப்பாதை முழங்கால் நோவுள்ளவரைச் சோதிக்கும். பொலித்தீன் உறைகள் வாயிலிலேயே அகற்றப்படுகின்றன. விளிம்பின் கீழுள்ள நன்பேரியல் தோட்டத்திலிருந்து நேரே மேலேறும் பழைய வழி சிலரை ஈர்த்தாலும், அனுமதிச்சீட்டின்றிப் பூங்காவுக்குள் நுழைவது குற்றமாகும். சறுக்கினால் மீட்பதும் அரிது.

தியலுமை

கொஸ்லந்தைக்குக் கிழக்கே ஏ4 வீதியிலிருந்தே காணக்கூடிய தியலுமை நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரமானது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த வீழ்ச்சி. வீதியோரத்திலிருந்து பார்ப்பதற்கு ஆற்றல் எதுவும் வேண்டியதில்லை. உச்சியிலுள்ள பாறைக்குளங்களுக்குப் பூனாகலைப் பக்கத்திலிருந்து வரும் வழி, கீழிருந்து ஏறுவதைவிட எளிது. ஆனால் ஏறும் வழி எதுவாயினும் ஆபத்து உச்சியிலேயே இருக்கிறது: ஈரப்பாறையில் ஒரு கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை, மேல்மலையிற் பெய்த மழை வெயிலடிக்கும் குளத்துக்குத் திடீர் வெள்ளமாக வந்து சேரும். விளிம்புக்கு அடுத்த குளத்தில் யாரும் இறங்கலாகாது. நீர் கலங்கினால் அக்கணமே கரையேறவேண்டும். சிறுவரை உச்சிக்கு அழைத்துச் செல்லாதிருப்பதே இந்நூலின் அறிவுரை.

சமனலவெவக் கரை

மலையேற விரும்பாதவருக்கும், மழைக்காலத்தில் மேல்மலை மூடப்பட்டிருக்கும்போது வருபவருக்கும், தென்மேற்கே தாழ்நிலத்திலுள்ள சமனலவெவ நீர்த்தேக்கத்தின் கரை ஏற்றது. ஹோர்ட்டன் சமவெளியிற் பிறக்கும் வளவை ஆறும் பெலிஹுல்ஓயாவும் கூடுமிடத்தில் 1992இல் நிறைக்கப்பட்ட இத்தேக்கத்திலிருந்து 120 மெகாவொற் மின்சாரம் பெறமுடிகிறது. நீர் நிரப்பப்பட்ட காலத்திலேயே வலக்கரையின் சுண்ணப்பாறை வெடிப்புகள் வழியே கசிவு ஏற்பட்டு, அடைக்கும் முயற்சிகளுக்குப் பின்னும் தொடர்கிறது; அக்கசிவு நீர் கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்குப் பாய்வது உழவருக்கு நன்மையாய் முடிந்தது.

கரைவழி பெரிதும் தட்டை. கால்வலு குறைந்தவரும் ஒரு மணித்தியாலம் நடந்து திரும்பலாம். ஆனால் மின்னுற்பத்திக்காக நீர்மட்டம் ஏறி இறங்குவதால், வறண்டு வெடித்ததுபோல் தோன்றும் கரைச்சேறு உள்ளே ஈரமாயிருந்து முழங்கால்வரை புதைக்கும். புல் நிலைத்து வளர்ந்த எல்லைக்குக் கீழே இறங்கி நடக்கலாகாது. நீரில் மூழ்கி நின்ற பட்டமரங்கள் கண்ணுக்குத் தெரியாமற் கிடப்பதால் நீந்துவதும் கூடாது. மீன்பிடிப்போரின் வலைகளையும் படகுகளையும் தொடாதிருப்பது மரியாதை.

இக்கரை மேடுகளில் நடப்பவர் அறியவேண்டிய இன்னொன்று உண்டு. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இம்மேடுகளின் மேற்குமுகத்தில் வரிசையாக அமைந்த இரும்புருக்கும் உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இயங்கின என்றும், அவற்றுக்குத் துருத்தி தேவைப்படவில்லை, பருவக்காற்றின் விசையே உலைக்கு வேண்டிய காற்றை அளித்து வெப்பத்தை ஏற்றியது என்றும் காட்டியது. அவ்வாறே ஓர் உலையைக் கட்டிப் பருவக்காற்றில் எரித்துப் பார்த்தபோது கரிமம் மிகுந்த எஃகும் கிடைத்தது. தேயிலைக்கு மணமூட்டும் அதே கச்சான், தோட்டங்களுக்கு ஓராயிரம் ஆண்டு முன்னரே இச்சரிவில் தொழிலொன்றை நடத்தியிருக்கிறது. உலைத்தலங்களிற் பல நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சிய மேடுகளில் கறுத்துக் கனத்த கசடுக் கட்டிகள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. தொல்பொருள் சட்டம் அவற்றையும் காக்கிறது. கையிலெடுத்துப் பார்த்தவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிடவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மேடுகளில் ஏறுபவர், அக்காற்று வலுக்கும் பிற்பகலைத் தவிர்த்து, காலை ஒன்பது மணிக்குள் சுற்றி முடித்து, வெயிலேறுமுன் ஏ4 வீதிக்குத் திரும்பிவிடுவது நல்லது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் செல்லும் பஸ்கள் அவ்வீதியிலுள்ள பெலிஹுல்ஓயா ஊரில் நிற்கும்.